உறைபனியில் நிற்கும் கோதுமை பட்டினி கிடக்கிறதா?

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், பீட்டர்பரோ பக்கம் வீட்டோடு கொஞ்சம் நிலமும் வாங்கியிருக்கிறோம். பக்கத்துப் பண்ணைக்காரர் கொடுத்த குளிர்காலக் கோதுமையைச் செப்டம்பர் கடைசியில் விதைத்தோம். நன்றாக முளைத்து மூன்று நான்கு இலை விட்டது. நவம்பர் பாதியில் வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. இலையெல்லாம் தரையோடு படுத்துவிட்டது, நுனிகளில் ஊதா நிறம். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் மகள், "குளிரில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், செடி பட்டினியில் கிடக்கிறது" என்கிறாள். சின்னவன் ஓர் இலையைக் கடித்துவிட்டு "இனிக்குதும்மா" என்கிறான். யார் சொல்வது சரி? கொஞ்சம் யூரியா போட்டால் எழுந்துகொள்ளுமா? பிளாஸ்டிக் விரித்து மூடலாமா? இன்னொன்று: அண்ணனுக்குக் கொடைக்கானல் மலையில் தோட்டம் இருக்கிறது. அங்கேயும் குளிர்தானே, இந்த விதையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வருமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

சின்னவன் சொல்வதுதான் சரி. மகளின் பேச்சிலும் பாதி நியாயம் உண்டு; குளிரில் ஒளிச்சேர்க்கை குறையத்தான் செய்யும். ஆனால் அது நிற்பதற்கு வெகு முன்பே வளர்ச்சி நின்றுவிடுகிறது. வரவு குறைந்திருக்கிறது, செலவோ ஏறக்குறைய நின்றே போய்விட்டது. அப்படியானால் கையில் மிச்சம் சேரத்தானே செய்யும்? அந்த மிச்சத்தைத்தான் பையன் ருசி பார்த்திருக்கிறான். மருந்து அடிக்காத வயலாக இருக்கும்வரை கடித்ததில் தப்பொன்றும் இல்லை.

வளர்ச்சி ஏன் முதலில் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு செடியை வேரோடு பிடுங்கி அடியில் இருந்து உரித்துப் பாருங்கள். கோதுமை இலை நுனியில் வளர்வதில்லை. மண் மட்டத்தை ஒட்டி, பழைய இலைகளின் உறைகளுக்குள்ளே வெளிறிப்போய் இருக்கிறதே, அந்த அடிப்பகுதியில்தான் புதிய செல்கள் பிரிந்து, நீண்டு, முன்பே பிறந்தவற்றை மேலே தள்ளுகின்றன. ஆகவே இலையின் வளர்ச்சியை முடிவு செய்வது மேலே அடிக்கும் வெயில் அல்ல, அந்த அடியின் சூடு. நவம்பர் மாதத்து நண்பகலில் வெயில் பட்ட இலைப்பரப்பு இதமாக இருக்கலாம். அதே நேரத்தில் அதன் அடி ஈர மண்ணில் 3, 4 டிகிரியில் கிடக்கும். மேலே சர்க்கரை தயாராகிறது, கீழே அதை வாங்கிச் செல் கட்ட ஆளில்லை.

செல் கட்டுவது லேசான வேலை இல்லை. டி.என்.ஏ. படியெடுக்க வேண்டும், புரதம் செய்ய வேண்டும், செல்சுவருக்கு இழை பின்ன வேண்டும். ஒவ்வொன்றும் நொதிகளின் வேலை; 5 டிகிரிக்குக் கீழே போனால் எல்லாம் நத்தை வேகம்தான். ஒளிச்சேர்க்கையின் முதல் பாதி அப்படி இல்லை. பச்சையம் ஒளியைப் பிடிப்பதற்குக் குளிரும் சூடும் ஒரு பொருட்டே அல்ல. பிடித்த ஆற்றலை வைத்துக் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் பிற்பாதிதான் குளிரில் தளர்கிறது. அதுகூட வளர்ச்சி அளவுக்குத் தளர்வதில்லை.

இது கோதுமைக்கு மட்டும் உள்ள குணமும் அல்ல. மலை உச்சிகளில் ஓர் உயரத்துக்கு மேல் மரமே கிடையாது, பார்த்திருப்பீர்கள். உணவு போதாமல்தான் மரம் அங்கே வளரவில்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பாசல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கோர்னர் இதைத் துருவிப் பார்த்தார். அந்த எல்லையில் நிற்கும் மரங்களின் உடம்பில் சர்க்கரைக்கும் மாவுச்சத்துக்கும் பஞ்சமே இல்லை. இருப்பதைத் திசுவாக மாற்றத்தான் குளிர் விடவில்லை. 'செடி வளரவில்லை என்றால் உணவில்லை' என்ற பாடப்புத்தக எண்ணத்தை உங்கள் மகள் இந்த இடத்தில் விட்டுவிடலாம். பள்ளிப் பாடத்தில் ஒளிச்சேர்க்கைக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குகிறார்கள், வளர்ச்சிக்குச் சில பத்திகளோடு சரி. அதனால் வரும் கோளாறு இது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

உங்கள் மாகாணத்திலேயே இதன் இன்னொரு பக்கத்தை ஆராய்ந்தவர் உண்டு. லண்டன் நகரில் உள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஹூனர், கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் குளிர்கால ரகத்தையும் குளிர்காலக் கோதுமையையும் குளிரிலேயே வளர்த்துப் பார்த்தார். சூட்டில் விரிந்த இலையைத் திடீரென்று குளிருக்குக் கொண்டுபோனால் அது திணறுகிறது. குளிரிலேயே பிறந்து விரிந்த இலை வேறு ரகம்: குட்டையாக, தடிப்பாக, கரும்பச்சையாக இருக்கும்; ஒளிச்சேர்க்கையையும் அந்தக் குளிருக்கு ஏற்றபடி தேற்றிக்கொள்ளும். உங்கள் வயலில் அக்டோபர் தொடக்கத்தில் வந்த இலையையும் கடைசியாக வந்த இலையையும் அடுத்தடுத்து வைத்து விரலால் தடவிப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஊதா நிறமும் இந்தக் கதையில் வருவதுதான். ஒளி பிடிபட்டுக்கொண்டே இருக்க, பயன்படுத்தும் வேகம் குறைந்தால், மிஞ்சும் ஆற்றல் இலையைப் பொசுக்கும். ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமி அந்த ஒளியில் ஒரு பங்கைத் தடுத்து நிறுத்துகிறது. இலையில் சர்க்கரை கூடும்போது இந்த நிறமியும் கூடுவது வழக்கம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்தாலும் ஊதா வரும். ஆனால் நவம்பரில் வந்தால் குளிர்தான் காரணம் என்று முதலில் நினையுங்கள். மே மாதத்துப் புது இலையிலும் ஊதா இருந்தால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சரி, சேர்ந்த சர்க்கரை எங்கே போகிறது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இலை செய்யும் சர்க்கரை சுக்ரோஸ், நாம் காப்பியில் போடும் அதே சீனி. செலவு இல்லாமல் அது இலையில் தேங்கினால் இரண்டு தொல்லை. ஒன்று, தேங்கும் சர்க்கரையைப் பார்த்து ஒளிச்சேர்க்கைத் தொழிற்சாலையே வேலையைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, பாதி வழியில் நிற்கும் சர்க்கரைகள் ஒவ்வொன்றும் ஒரு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்; அந்தப் பாஸ்பேட் திரும்பி வராவிட்டால் பச்சையத்தின் வேலையும் முடங்கும். நெல், உருளை போன்றவை மிச்சத்தை மாவுச்சத்தாக்கி வைக்கும். ஆனால் மாவுச்சத்து செய்யும் நொதிகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. கோதுமை, பார்லி, ரை முதலான குளிர்நாட்டுப் புல்லினங்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஒரு சுக்ரோஸ் மூலக்கூறை அடித்தளமாக வைத்து, அதன் மேல் பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சங்கிலியாக்குகின்றன. அதற்குப் பெயர் ஃபிரக்டன். இந்தச் சங்கிலியைக் கட்டும் நொதிகள் 5 டிகிரியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். சுக்ரோஸ் ஓர் அளவைத் தாண்டியதுமே அவற்றின் உற்பத்தி தானாகக் கூடுகிறது.

கட்டிய சங்கிலிகள் செல்லின் நடுவே இருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் போய்ச் சேர்கின்றன. தண்ணீரில் கரைந்தே இருக்கும், மாவுச்சத்துபோல் மணியாக உறையாது. பத்து இருபது சர்க்கரைகள் சேர்ந்து ஒரே மூலக்கூறு ஆகிவிடுவதால் செல்லுக்குள் நீரழுத்தமும் எல்லை மீறாது. இலையைவிட இதில் அடித்தூர்தான் முக்கியம். மண்ணுக்குள் ஓர் அங்குலம் ஆழத்தில், வேரும் தண்டும் சந்திக்கும் இடத்தில் சற்றே பருத்து வெள்ளையாக இருக்குமே, அதுதான் அடித்தூர். வளரும் குருத்து, பக்கத் தண்டுகளாகும் தூர் மொட்டுகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. குளிருக்கு நன்றாகப் பழகிய செடியில் அடித்தூரின் உலர் எடையில் கால் பங்கு வரைகூட ஃபிரக்டனாக இருக்க முடியும்.

ஃபிரக்டன் உங்கள் அடுப்பங்கரைக்குப் புதிதல்ல. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது இதே இனம். கோதுமை மாவிலும் கொஞ்சம் உண்டு. நம் குடலுக்கு இதைச் செரிக்கும் நொதி கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் தின்று வாயுவாக்கும். சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலருக்குக் குற்றவாளி குளூட்டன் இல்லை, இதுதான். குதிரை வைத்திருக்கும் பண்ணைக்காரர்களும் இதற்குப் பயப்படுவார்கள்: இரவு உறைபனி, காலையில் பளிச்சென்று வெயில் என்ற நாளில் புல்லில் ஃபிரக்டன் ஏறிக் கிடக்கும். அதை வயிறு முட்ட மேய்ந்த குட்டைக்குதிரைக்குக் குளம்பில் அழற்சி வரக்கூடும். அக்கம்பக்கத்தில் யாராவது வைத்திருந்தால் வேலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கும் இனிக்கும். அதை வறுத்தால் சிவந்து கருகும். அது வேறு கதை. அங்கே புதிதாக எதுவும் சேர்வதில்லை, முன்பே இருந்த மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாக உடைகிறது. கோதுமையில் நடப்பது உடைசல் அல்ல, சேமிப்பு.

இந்தச் சேமிப்பு எதற்கு? காரின் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் போல, சர்க்கரை இருப்பதால் செடி உறையாது என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் 342 கிராம் சீனியைக் கரையுங்கள், திகட்டும் அளவுக்கு இனிப்பாக இருக்கும். அதன் உறைநிலை இறங்குவது ஏறக்குறைய 2 டிகிரிதான். மைனஸ் 15-ஐத் தாங்கும் செடிக்கு அந்த 2 டிகிரி எந்த மூலைக்கு?

உண்மையில் செடிக்குள் பனிக்கட்டி உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் செல்லுக்குள் அல்ல. செல்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில். அந்தக் கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியே இழுத்துப் பெரிதாகிறது. ஆகவே உறைபனியில் சாகும் செடி ஒரு வகையில் வறட்சியில் சாகிறது. நீர் போகப் போகச் செல் சுருங்கி, அதன் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிகின்றன. சர்க்கரை செல்லுக்குள் கொஞ்சம் நீரைப் பிடித்து வைக்கிறது, சவ்வுகளுக்கு இடையே புகுந்து அவை ஒட்டாமல் காக்கிறது. வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் ஃபிரக்டனின் ஒரு பகுதி மறுபடி சின்னச் சர்க்கரைகளாக உடைந்து இந்த வேலைக்கு வருகிறது. இதோடு புதுப் புதுப் புரதங்கள், சவ்வுக் கொழுப்பில் மாற்றம் என்று செடி இன்னும் பல ஏற்பாடுகள் செய்கிறது. சர்க்கரை அவற்றில் ஒன்று. அதற்கே முழுப் பெருமையும் கொடுக்கக் கூடாது.

சர்க்கரை தனி ராஜாவாக இருப்பது பனிப்போர்வைக்குக் கீழேதான். டிசம்பரில் இருந்து மார்ச் வரை இருட்டு, வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி. வரவே இல்லை, சுவாசம் மட்டும் சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும். இலையுதிர்காலத்தில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் ஓட்ட வேண்டும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் 100 நாளுக்கு மேல் வயல்மேல் பனி கிடக்கும் இடங்கள் உண்டு. அங்கே கோதுமையைக் கொல்வது குளிரைவிடப் பனிப்பூசணம்: பனிக்கு அடியில், பூஜ்யம் டிகிரியில், மற்ற உயிர்களெல்லாம் அடங்கிக் கிடக்கும்போது வளரும் பூஞ்சைகள். அங்கு செய்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது, எந்த ரகம் ஃபிரக்டனை நிறையச் சேர்த்து மெதுவாகச் செலவழிக்கிறதோ அது பூசணத்துக்கு ஈடு கொடுக்கிறது. கையிருப்பு தீர்ந்த செடியைப் பூஞ்சை தின்றுவிடுகிறது. பனி சீக்கிரம் கரையட்டும் என்று அந்த ஊர் விவசாயிகள் வசந்தத்துக்கு முன்பே வயலில் கருநிறத் தூள் தூவுவார்கள். கருமை வெயிலை வாங்கிக்கொள்ளும், செடிக்குப் பட்டினி நாள் குறையும்.

உங்கள் மகள் சொன்ன பட்டினி உண்மையில் வருவது இங்கேதான். அவள் மாதத்தில்தான் பிசகிவிட்டாள்.

செடி இந்தத் தாங்கும் சக்தியை ஒரே நாளில் பெறுவதில்லை. கனடாவின் கடுங்குளிர் மாகாணமான சஸ்காட்சுவானின் பல்கலைக்கழகத்தில் குளிர்காலக் கோதுமையோடு வாழ்நாளைக் கழித்த பிரையன் ஃபௌலரின் ஆய்வுகள் காட்டுவது: அடித்தூர் இருக்கும் மண் சுமார் 9 டிகிரிக்குக் கீழே வந்ததும் பழகல் தொடங்கும், முழுமை பெறப் பல வாரங்கள் பிடிக்கும். நன்கு பழகிய 'நார்ஸ்டார்' போன்ற கடும் ரகம் அடித்தூர் மட்டத்தில் மைனஸ் 20-ஐ ஒட்டிய குளிரைக்கூடத் தாங்கும். அதே செடியை அக்டோபர் தொடக்கத்தில் அந்தக் குளிரில் வைத்தால் செத்துவிடும். ஒன்டாரியோவில் பயிராவது பெரும்பாலும் மென் சிவப்பு ரகங்கள், குளிரைத் தாங்குவதில் அவ்வளவு கெட்டி இல்லை. ஆனால் உங்கள் குளிரும் சஸ்காட்சுவான் குளிர் இல்லையே.

இதனோடு சேர்ந்து இன்னொரு கணக்கும் உள்ளே ஓடுகிறது. குளிர்காலக் கோதுமைக்குக் கதிர் விட வேண்டுமானால், நனைந்த விதையாகவோ இளஞ்செடியாகவோ பூஜ்யத்துக்கும் 10 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் ஒன்றரை, இரண்டு மாதம் இருந்தாக வேண்டும். தட்பப்பதனம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வி.ஆர்.என். 1 என்ற மரபணு குளிரில் மெல்ல மெல்ல விழித்து, பூப்பதற்கு இருந்த தடையை நீக்குகிறது. (சோவியத் நாட்டில் லைசென்கோ இதைப் பிடித்துக்கொண்டு, குளிரூட்டிய விதையின் குணம் வாரிசுகளுக்கும் போகும் என்று அடித்துச் சொன்னார். குளிரூட்டல் உண்மை, வாரிசுக் கதை பொய். அந்தப் பொய்யை மறுத்த நல்ல விஞ்ஞானிகள் சிறைக்குப் போனார்கள்.)

தட்பப்பதனம் முடிந்த செடி தாங்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும். அதனால்தான் உங்கள் ஊரில் ஜனவரிக் குளிரைவிட பிப்ரவரி, மார்ச் மாதத்துப் பொய் வசந்தம் ஆபத்து. ஒரு வாரம் வெயில் அடித்துப் பனி கரையும். செடி பச்சையைக் காட்டும், கையிருப்பையும் செலவழிக்கும். அப்புறம் திடீரென்று மைனஸ் 15. இரண்டாவது முறை அதால் பழைய அளவுக்குப் பழகிக்கொள்ள முடியாது.

இனி உங்கள் வயலுக்கு வருவோம்.

யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். தழைச்சத்து கிடைத்தால் செடி, இருக்கும் கொஞ்ச நஞ்சச் சூட்டிலும் இலை விடப் பார்க்கும். சேமிப்பில் இருக்கும் சர்க்கரை அந்தப் பிஞ்சு இலைகளுக்குப் போய்விடும். நீர்ச்சத்து கூடிய மென்மையான திசு குளிருக்கும் பூசணத்துக்கும் முதல் பலி. போட்ட உரத்தில் பெரும்பகுதி பனி உருகும் நீரோடு ஓடையில் போய்ச் சேரும் என்பது தனி நஷ்டம். ஏப்ரலில் பச்சை திரும்பியதும், மண் கால் புதையாமல் நடக்கும் பதத்துக்கு வந்த பிறகு போடுங்கள்.

பிளாஸ்டிக்கும் வேண்டாம். வெயில் நாளில் உள்ளே சூடேறிச் செடியின் பழக்கம் கலையும். இயற்கையாக விழும் பனியே நல்ல மூடாக்கு. 10 சென்டிமீட்டர் தளர்வான பனி இருந்தால், காற்று மைனஸ் 20-க்குப் போனாலும் அடித்தூர் மட்டத்து மண் அதைவிடப் பல டிகிரி மேலேயே நிற்கும். 'தளர்வான' என்பதைக் கவனியுங்கள். பனிக்குள் சிறைப்பட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. பிள்ளைகள் சறுக்குவண்டி இழுத்து விளையாட வயலின் குறுக்கே பாதை போட்டுவிட்டால், அங்கே பனி இறுகிக் கட்டியாகும், குளிர் நேரே இறங்கும். வசந்தத்தில் அந்தத் தடம் மட்டும் கோடு போட்டதுபோல் செத்துக் கிடக்கும். விளையாட்டை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குளிரைப் பற்றிக் கவலைப்படமாட்டேன், தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்படுவேன். பள்ளமான இடத்தில் பனி உருகித் தேங்கி, மறுபடி உறைந்து பலகையாகிவிட்டால், அடியில் மாட்டிக்கொண்ட செடிக்கு மூச்சு விட வழியில்லை. அதன் சர்க்கரை ஆக்சிஜன் இல்லாமல் நொதித்து எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறி அங்கேயே தேங்கும், செடி அதிலேயே நச்சாகிச் சாகும். நிலம் இறுகுவதற்குள் பள்ளங்களில் இருந்து தண்ணீர் வடிய மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள். அரை நாள் வேலை, ஆனால் இந்தப் பருவத்தில் நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

களிமண் நிலமாக இருந்தால் மார்ச் மாதத்தில் இன்னொரு தொல்லை வரலாம். இரவு உறைந்து பகலில் இளகும் மண், செடியை வேரோடு மேலே தூக்கிவிடும். அடித்தூர் வெளியே தெரிந்தால், மண் சற்று உலர்ந்ததும் காலால் மெதுவாக மிதித்து அழுத்திவிடலாம். ஜப்பானில் இதை ஒரு முறையான சாகுபடி வேலையாகவே செய்கிறார்கள்; குளிர்காலத்து இளம் கோதுமையை வரிசை வரிசையாக மிதித்துக்கொண்டே போவார்கள். உங்கள் சின்ன வயலுக்குக் குடும்பமாக ஒரு மாலை நேரம் போதும்.

செடி பிழைத்ததா என்று அறிய ஏப்ரல் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால், மார்ச்சில் மண் இளகியதும் நாலைந்து இடத்தில் இருந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுங்கள். கழுவி, இலையை அடித்தூருக்கு ஓர் அங்குலம் மேலே நறுக்கி, வேரையும் ஒட்ட வெட்டி, ஈரமான காகிதத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுச் சூட்டில் வையுங்கள். உயிர் இருந்தால் ஒரு வாரத்துக்குள் வெள்ளை வேர் முளைக்கும், நறுக்கிய இடத்தில் இருந்து பச்சை நீளும். பொறுமை இன்னும் குறைவு என்றால் அடித்தூரை நீளவாக்கில் பிளேடால் பிளந்து பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்லது. பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தால் போய்விட்டது. மேலே உள்ள இலை முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறமாகியிருந்தாலும் பதறாதீர்கள். இலை போனால் போகட்டும், அடித்தூர்தான் கணக்கு. அந்தச் சோதனையை மகளிடம் விடுங்கள், அறிவியல் கண்காட்சிக்கும் ஆகும்.

அடுத்த ஆண்டு பத்து நாள் முன்னதாக விதையுங்கள். குளிர் வந்து சேரும்போது மூன்று நான்கு இலையோடு ஒன்றிரண்டு தூரும் கட்டியிருந்தால் சர்க்கரை செய்யப் போதிய இலையும் இருக்கும், வைக்க இடமும் இருக்கும். அக்டோபர் கடைசியில் விதைத்து ஓர் இலையோடு குளிரில் மாட்டும் செடிக்கு இரண்டுமே கிடையாது.

கதிர் வந்த பிறகும் இந்தக் கதை முடிவதில்லை. மே, ஜூனில் தண்டு நீளும்போது கோதுமை இரண்டாம் முறை ஃபிரக்டன் சேர்க்கும், இம்முறை தண்டில். மணி பால் பிடிக்கும் நேரத்தில் இலைகள் காய்ந்தாலும் அந்தச் சரக்கு மேலேறி மணியை ஓரளவு நிரப்பும். 2022 மார்ச்சில் வட இந்தியாவில் திடீர் வெயில் கோதுமையைச் சுட்டு, அந்த மே மாதமே இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். அதுபோன்ற ஆண்டில் தண்டுச் சேமிப்பு நிறைய உள்ள ரகங்களுக்கு அது ஓரளவு கை கொடுக்கும். பஞ்சாபில் ஜனவரி குளிர் நீண்டால் விவசாயி ஏன் மகிழ்கிறார் என்பதும் இதோடு ஒட்டியதுதான். குளிர் நாட்கள் நீண்டால் தூர் கட்டவும் சேமிக்கவும் பயிருக்கு அவகாசம் கிடைக்கும்.

ஆனால் பஞ்சாபில் குளிர்காலத்தில் விளையும் கோதுமை, தட்பப்பதனம் கேட்காத வசந்தகால இனம். அண்ணனின் கொடைக்கானல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இந்தியச் சமவெளியில் விளைவது அனேகமாக எல்லாமே அந்த இனம்தான். உங்கள் ஒன்டாரியோ விதைக்கு இடைவிடாத குளிர் வாரக்கணக்கில் வேண்டும். கொடைக்கானலில் இரவு குளிரும், உண்மைதான். பகலில் வெயில் ஏறி அந்தக் குளிரின் பலனைப் பாதி அழித்துவிடும். போதாததற்கு இந்த ரகங்கள் கதிர் விட நீண்ட பகலையும் கேட்கும், அது நம் அட்சரேகையில் கிடைக்காது. அண்ணனுக்குக் கிடைப்பது நல்ல பசும்புல். மாடு இருந்தால் மகிழும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் இதமான குளிரில் கோதுமைத் துருநோய்ப் பூஞ்சைகள் ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்க முடியும். தண்டுத் துரு இந்த மலைகளில் இருந்துதான் சமவெளிக்குப் பரவுகிறது என்பதை ஆக்ராவில் இருந்த கே.சி. மேத்தா சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆராய்ந்து எழுதினார். நீலகிரியில் வெல்லிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1954-இல் ஒரு கோதுமை நிலையம் தொடங்கியதற்கே துரு எதிர்ப்பு ஆராய்ச்சிதான் முக்கியக் காரணம். அப்படிப்பட்ட இடத்தில் துருவுக்கு எளிதில் ஆளாகக்கூடிய அயல் விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் விதைப்பது அண்ணனுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவருவது இந்தியச் சட்டப்படியும் கூடாது.

அண்ணனுக்குக் கோதுமை ஆசை இருந்தால் சம்பா கோதுமை இருக்கிறது. தென்னகத்துக்குப் பழகிய பழைய இனம். தட்பப்பதனம் கேட்காது, துருவையும் ஓரளவு தாங்கும். வெல்லிங்டன் நிலையம் அந்த இனத்தில் குட்டை ரகங்களை உருவாக்கியிருக்கிறது. அங்கே நேரில் போய்த் தன் தோட்டத்தின் உயரத்தையும் மழை வரும் மாதங்களையும் சொல்லி, எப்போது எதை விதைக்கலாம் என்று அவர் கேட்கட்டும்.